போகாத கல்லூரியின் முதல் வருஷம்

அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். அவரைக் காப்பாற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் இருபது வருஷத்துக்கும் மேலாகச் சேலை விரித்துப் போடுகிறவர் அவர். "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காதும்மா" என்று வாங்க வந்தவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகள் எங்கள் வீட்டில் நிறைய உண்டு. அப்படிப்பட்ட மனிதர் என் விஷயத்தில் மட்டும் ஒரு பொய் சொன்னார். அதையும், சொன்னபோது பொய் என்று தெரியாமல்தான் சொன்னார்.

பிளஸ் டூ முடித்த வருஷம் நகரத்தின் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார், அது போதும். தேர்வானவர்கள் பட்டியல் வெளியான அன்று அப்பா கடையில் இருந்தார். சாப்பாட்டு இடைவேளையில் கூட வேலை பார்ப்பவரின் போனில் பார்த்தார். முன்னால் அவருடைய இனிஷியல், அடுத்து என் பெயர். அதற்கு மேல் அவருக்கு என்ன வேண்டும்? பக்கத்தில் இருந்த விண்ணப்ப எண்ணை அவர் பார்க்கவில்லை. பிரிவில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். அரை நாள் லீவு சொல்லிவிட்டு இன்னொரு பெட்டியுடன் மந்தைவெளிக்கு வந்தார். வந்தவர் கீழே எங்களிடம் வரவில்லை. நேராக மாடிக்குப் போனார்.

மாடியில் பெரியப்பா குடும்பம், கீழே நாங்கள். பெரியப்பாவின் மகள் அப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அவள் சேர்ந்த அன்று பெரியப்பா எங்களுக்குக் கொடுத்தனுப்பியது முந்திரி கேக். இரண்டு வருஷத்துக்கும் மேலாக அந்த முந்திரி கேக்குக்குப் பதில் சொல்ல முடியாமல் அப்பா காத்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் நான் உட்கார்ந்து விண்ணப்ப எண்ணைப் பார்த்தேன். கடைசி மூன்று இலக்கங்கள் வேறு. மறுபடி பார்த்தேன். அப்போதும் வேறுதான். எங்களில் குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, பக்கத்தில் நம் பெயர், அவ்வளவுதான். நான் பிறந்த வருஷம் பிறந்த பெண்களில் பாதிப் பேருக்கு என் பெயர். அதில் ஒருத்திக்கு என் இனிஷியலும் அமைந்துவிட்டது. இடம் அவளுக்குக் கிடைத்திருந்தது.

அப்பாவிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "மேல சொல்லிட்டனே?" என்பதுதான். உனக்கு இடம் இல்லையா என்று கேட்கவில்லை. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வயதாக ஆக மன்னிப்பு தானாக வரும் என்று சொல்கிறார்கள். எனக்கு இன்னும் அந்த வயது வரவில்லை போலிருக்கிறது.

எனக்கு வேறு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று அரசுக் கல்லூரி, வரலாறு. இன்னொன்று புறநகரில், பி.காம். அதில் ஒன்றில் நான் சேர்ந்து, அப்பா மாடிக்குப் போய் "தப்பாப் பார்த்துட்டேன் அண்ணே" என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பார்கள். அதோடு விஷயம் முடிந்திருக்கும். அப்பாவால் அந்த ஒரு வாரத்தைத் தாங்க முடியவில்லை. சரி, நான் மட்டும் யோக்கியமா? அரசுக் கல்லூரி என்றதும் நானும் மூக்கைச் சுருக்கினேன். பட்டியலில் வந்த பெயர் என்னுடையது இல்லை என்று தெரிந்த பிறகும், அந்தக் கல்லூரிக்குப் போகப்போகிறவள் என்கிற நினைப்பு ஒரு மதியம் முழுக்க எனக்குள் இருந்ததே, அதைக் கைவிட எனக்கும் மனசு வரவில்லை.

அப்பாவிடம் சேலை வாங்கும் ஒருவர், அந்தக் கல்லூரியில் தனக்கு ஆள் தெரியும், அடுத்த வருஷம் கண்டிப்பாக வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். வீட்டில் ஐந்து கல்யாணம் நடத்தியவர். ஐந்துக்கும் அப்பாவிடம்தான் பட்டு எடுத்தவர். அந்த வாக்கை நம்பி அப்பா முடிவெடுத்தார்.

"ஒரு வருஷம்தானே," என்றார். "காலைல கிளம்பிப் போ, சாயங்காலம் வா. யாருக்குத் தெரியப் போவுது? அடுத்த வருஷம் நெஜமாவே சேந்துடப் போற."

அம்மா அடுப்படியில் இருந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னாள். கல்லூரி திறந்த அன்று காலையில் எழுந்து எனக்கு டப்பாவில் தயிர்சாதம் கட்டினாள்.

அப்படித்தான் நான் தினமும் காலை எட்டே காலுக்குக் கிளம்பினேன். பையில் பிளஸ் டூ புத்தகங்கள் இரண்டு, ஒரு நோட்டு, டப்பா, தண்ணீர் பாட்டில். வாசலில் பெரியம்மா கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பாள். ஐ.டி. கார்டு கழுத்தில் இல்லையே என்று முதல் வாரமே கேட்டாள். உள்ளே போகும்போது மாட்டிக்கொண்டால் போதும் என்றேன். அப்பா சொல்லிக் கொடுத்த பதில் இல்லை, நானே சொன்னது. பொய்க்கு ஆசான் தேவையில்லை, அவசரம் இருந்தால் போதும்.

ஒரு பெண் காலை எட்டே காலிலிருந்து மாலை நாலு மணிவரை சென்னையில் எங்கே இருப்பது? ஆண் பிள்ளை என்றால் டீக்கடை இருக்கிறது, கடற்கரைச் சுவர் இருக்கிறது, நாலு பேர் சேர்ந்து எங்கேயாவது நிற்கலாம். நான் ஒரே இடத்தில் இருபது நிமிஷம் நின்றால் யாராவது ஒருவர் வந்து, யாரும்மா வரணும் என்று கேட்டார். அக்கறையாகவும் கேட்டார்கள், வேறு மாதிரியும் கேட்டார்கள். கபாலீஸ்வரர் கோவிலில் உட்காரலாம், ஆனால் மதியம் நடை சாத்திவிடுவார்கள். துணிக்கடைகளில் ஏ.சி. இருக்கிறது, ஆனால் அவை இருப்பது தி. நகரில். அங்கே அப்பாவின் கடை ஆட்கள் டீ குடிக்க வெளியே வருவார்கள். அதனால் தி. நகர் எனக்கு ஆகாத ஊராகிவிட்டது.

என்னைக் காப்பாற்றியது பஸ். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மந்தைவெளியில் ஏறினால் அடையாறு, அங்கிருந்து திருவான்மியூர், அங்கிருந்து வேறு ஒன்றைப் பிடித்துத் திருவல்லிக்கேணி, மறுபடி மயிலாப்பூர். ஜன்னல் ஓர சீட் கிடைத்தால் பாதி நாள் கழிந்துவிடும். ஒரு கண்டக்டருக்கு என்னை அடையாளம் தெரிந்துபோனது. காலையிலும் இவரே, பதினோரு மணிக்கும் இவரே. ஒருநாள் அந்தக் காசில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, "இன்னாம்மா, காலேஜு பஸ்லியே நடக்குதா?" என்றார். பக்கத்து சீட்டில் மீன்கூடைக்காரம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, யார் வீட்டுச் சுவர் என்றுகூடப் பார்க்காமல் அதன் பக்கம் திரும்பி நின்று அழுதேன். அதற்குப் பிறகு அவர் வண்டி வந்தால் ஏறவில்லை.

கோட்டூர்புரத்தில் இருக்கும் பெரிய நூலகத்துக்குப் போக ஆரம்பித்தது ஆகஸ்ட் வாக்கில். அங்கே சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்க ஒரு பகுதி உண்டு. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கதவு திறக்குமுன்பே வரிசையில் நிற்பார்கள். முப்பது வயது தாண்டியவர்களும் இருப்பார்கள். யாரும் யாரையும் எந்தக் கல்லூரி என்று கேட்பதில்லை. எல்லோரும் எதற்கோ காத்திருப்பவர்கள் என்பதால் கேள்வி கேட்கும் தெம்பு யாருக்கும் இல்லை. வாழ்க்கையில் எனக்கு மிகவும் நிம்மதியாக இருந்த இடம் அது என்று சொன்னால் அதிலேயே என் வாழ்க்கை தெரிந்துவிடும். மதியம் எல்லோரும் டப்பாவைத் திறக்கும்போது நானும் திறப்பேன்.

மார்கழி மாதம் எனக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. மயிலாப்பூர் சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. பன்னிரண்டு மணிக்கு உள்ளே போனால் நாலு மணிவரை குளிரக் குளிர உட்காரலாம். பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் பக்கத்தில் இருந்த மாமி, "பாட்டு கத்துண்டிருக்கியோ? தெனம் வரயே," என்று ஆசையாகக் கேட்டாள். ஆமாம் மாமி என்றேன். மடியில் தாளம் போடச் சொல்லிவிடுவாளோ என்று பயந்து, மறுநாள் வேறு சபாவுக்குப் போனேன். அந்த வருஷத்தில் நான் சிரித்த சமயங்களில் இது ஒன்று.

வீட்டில் நடந்ததுதான் வேறு மாதிரி போனது.

ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் பெரியப்பா கீழே வருவார். வந்தால் என்னைத்தான் கேட்பார். என்ன பாடம், எத்தனை பேர், எந்த மேடம் நன்றாக நடத்துகிறார். பெரியப்பா கெட்டவர் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவர். அதனால்தான் அவரிடம் பொய் சொல்வது கஷ்டமாக இருந்தது. நான் ஒரு மேடத்தை உருவாக்கினேன். ஐம்பது வயது, வெளிர் நிறக் காட்டன் புடவை, கண்ணை மூடிக்கொண்டு பாடம் நடத்துவார், வகுப்பில் யாராவது தூங்கினால் கண்ணைத் திறக்காமலே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இதெல்லாம் பாதி என் பள்ளிக்கூட டீச்சர், பாதி நூலகத்தில் பார்த்த ஒரு அம்மா. பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா அவரைவிட அதிகமாகச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு அப்பாவே கேட்டார், "அந்தக் கண்ண மூடிக்கினு நடத்துற மேடம் கதைய சொல்லு." சொன்னேன். அந்த மேடத்துக்கு ஒரு பையன் டில்லியில், மூட்டு வலி, மழைக்கு ஒதுங்காத பிடிவாதம் எல்லாம் வாரா வாரம் சேர்ந்துகொண்டே போனது. எனக்குக் கற்பனை வளம் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. இலக்கியம் படிக்கத் தகுதியானவள்தான், அந்தப் பட்டியலைப் போட்டவர்களுக்குத் தெரியவில்லை.

தை பிறந்த பிறகு ஒரு புதன்கிழமை. இதை நான் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். மாடியில் யாரும் இல்லை, ஊருக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அப்பா சாப்பிட உட்கார்ந்து, சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"இன்னிக்கி அந்த மேடம் வந்தாங்களா?"

அம்மா சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தட்டைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தார்.

"இல்லப்பா. லீவு," என்றேன்.

"மூட்டு வலியா?"

"ஆமாப்பா."

"பாவம்," என்றார். மேலும் கொஞ்சம் சாதம் கேட்டார்.

அன்று நான் வேறு பதில் சொல்லியிருக்க வேண்டும். எந்த மேடம்ப்பா, என்ன பேசற என்று ஒரு வார்த்தை. சொல்ல முடியவில்லை. காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுவரை நின்றுகொண்டே சேலை விரித்துவிட்டு, வீங்கிய காலோடு வந்து உட்காருகிற மனிதரிடம், அவருக்கு இருக்கிற ஒரே சந்தோஷத்தை எப்படிப் பிடுங்குவது என்று நினைத்தேன். பாசம் என்று அன்று அதற்குப் பெயர் வைத்தேன். கோழைத்தனம் என்றும் வைக்கலாம். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

ஏப்ரலில் செமஸ்டர் வந்தது. நான் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று அப்பா பத்து நாள் டி.வி. போடவில்லை. புதுப் பேனா வாங்கி வந்தார். அம்மா என்னிடம் வந்து, எதையாவது படி, சும்மா உட்கார்ந்திருந்தால் அவருக்கு வருத்தமாக இருக்கும் என்றாள். பிளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு முதல் பாடத்திலிருந்து படித்தேன். ரிசல்ட் எப்போது என்று அவர் கேட்க ஆரம்பித்ததும் எழுபத்திரண்டு சதவீதம் என்று சொன்னேன். அளவாக இருக்கட்டும் என்று நினைத்துச் சொன்ன எண் அது.

அப்பாவுக்கு அது போதவில்லை. "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கலாம்," என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. போகாத கல்லூரியில், எழுதாத பரீட்சையில் வாங்காத மார்க் குறைந்துவிட்டது என்று திட்டு வாங்கியவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மே மாதம் விண்ணப்பங்கள் திறந்தன. சேலை வாங்குகிற அந்தப் பெரிய மனிதரின் போன் மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. கடைக்கும் வரவில்லை. ஐந்து கல்யாணமும் முடிந்துவிட்டதே, இனி எதற்கு வரப்போகிறார். அப்பா இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அப்பாவிடம் அவசரமே இல்லை என்பதை நான் கவனித்தேன். ஒரு வருஷம் முன்னால் அடுத்த வருஷம் நிஜமாகவே சேர்ந்துவிடுவாய் என்று சொன்னவர் இப்போது அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நானே நூலகத்தில் உட்கார்ந்து போனிலேயே விண்ணப்பித்தேன். போன வருஷம் நான் மூக்கைச் சுருக்கிய அதே அரசுக் கல்லூரி, அதே வரலாறு. இடம் கிடைத்தது. இந்த முறை எண்ணை நாலு தடவை பார்த்தேன். ஒரு குறிப்பிட்ட நாளில், மாலை மூன்று மணிக்குள், அசல் சான்றிதழ்களுடன் நேரில் வர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று தெளிவாகப் போட்டிருந்தது.

முந்தின நாள் இரவு அப்பாவிடம் காட்டினேன். அவர் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். "வரலாறா," என்றார். சற்றுக் கழித்து, "முதல் வருஷம்னு போட்டுருக்கே," என்றார்.

முதல் வருஷம்தானேப்பா என்றேன்.

"நீ செகண்ட் இயர் போறேன்னு மேல நெனச்சிக்கினு இருக்காங்க. இப்போ போயி ஃபர்ஸ்ட் இயர்னா... பாக்கலாம். பாக்கலாம்." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அப்பாவின் பாக்கலாம் என்பது சரியும் இல்லை, வேண்டாமும் இல்லை. கடையில் சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு எடுக்காமல் போகிறவர்களிடம் கற்றுக்கொண்டது. காலையில் நான் எழுந்திருப்பதற்குள் வேலைக்குப் போய்விட்டார். வைகாசி முகூர்த்த மாதம், சீக்கிரம் போக வேண்டும். என் மார்க் ஷீட்டும் டி.சி.யும் பீரோவில் இருந்தன. பீரோவுக்கு ஒரே சாவி. அது என்றைக்கும்போல அவர் சட்டைப் பையில்.

அந்த வருஷம் முழுக்க அப்பாவை எதிர்த்து வாய் திறக்காத அம்மா அன்றைக்குத் திறந்தாள். "கடைக்குப் போ. எல்லார் எதிரிலயும் கேளு. சாவி குடுங்க, காலேஜ்ல சேரணும்னு கேளு. குடுத்துதான் ஆகணும்," என்றாள். என் கையில் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தாள். பஸ்ஸில் போனால் போதும் என்றதற்கு, இன்றைக்கு மட்டும் பஸ் வேண்டாம் என்றாள்.

ஒரு வருஷமாக நான் கால் வைக்காத தெரு. பத்தரை மணிக்கே நடக்க இடமில்லாத கூட்டம். கடைக்குள் இரண்டாவது மாடி, பட்டுப் பிரிவு. அப்பா மேடைக்குப் பின்னால் நின்று ஒரு கல்யாணக் குடும்பத்துக்குச் சேலை காட்டிக்கொண்டிருந்தார். பெண், பெண்ணின் அம்மா, அத்தைகள், தங்கை என்று ஏழெட்டுப் பேர். விரித்துப் போட்ட சேலைகள் முழங்கால் உயரம் கிடந்தன. அப்பா என்னைப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருந்தார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அந்தத் தங்கை நான் சேராத கல்லூரியில் படிக்கிறவள். அதைக் கேட்டதும் அப்பா கையில் இருந்த சேலையைத் தோளில் போட்டுக்கொண்டார். என் பொண்ணும் அங்கதான், இலக்கியம், அந்தக் கண்ணை மூடிக்கொண்டு நடத்தும் மேடம் அவள் என்றால் உயிரையே விடுவார் என்றார். மூட்டு வலியோடு மாடி ஏறி வந்து வகுப்பெடுப்பதைச் சொன்னார். எழுபத்திரண்டு என்று நான் சொன்ன மார்க்கை எழுபத்தெட்டு ஆக்கியிருந்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் வீட்டில் பார்த்ததே இல்லை. பக்கத்தில் இருந்த விற்பனைப் பெண்கள் இதை நூறு முறை கேட்டவர்கள் மாதிரி சிரித்தபடி சேலை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, அண்ணே, உங்க பொண்ணே வந்துருக்கு என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். அப்பாவும் திரும்பினார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அவர் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. அங்கே சாவி இருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்தத் தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க எந்த ஷிப்ட்? பார்த்ததே இல்லையே."

அங்கே காலையில் ஒரு ஷிப்ட், மதியம் ஒரு ஷிப்ட். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எல்லாவற்றையும் இணையத்தில் படித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். என்றாவது யாராவது கேட்டால் வேண்டும் என்று.

"செகண்ட் ஷிப்ட்," என்றேன். "மதியம்தான் போகணும்."

"ஓ, அதான்," என்றாள் அவள்.

அப்பா மூச்சு விட்டார். எனக்கு அது கேட்டது. அடுத்து அவர் சிரித்த சிரிப்பில் இருந்த நன்றியை நான் எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன். இன்னாம்மா விஷயம் என்று கேட்டார். சும்மா வந்தேன்ப்பா, இந்தப் பக்கம் புக் வாங்க வந்தேன் என்றேன். போகும்போது எதாவது சாப்பிட்டுப் போ என்று அதே சட்டைப் பைக்குள் கைவிட்டு, சாவிக்குப் பின்னால் இருந்த நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பனகல் பார்க்கில் போய் உட்கார்ந்தேன். பதினொன்றே கால். இப்போது திரும்பிப் போய்க் கேட்டாலும் நேரம் இருந்தது. பன்னிரண்டுக்கும் இருந்தது. ஒரு மணிக்கும் ஆட்டோ பிடித்தால் முடியும் என்று கணக்குப் போட்டேன். யாரும் என்னைக் கட்டி வைக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். மூன்று மணி ஆனதும் ஏதோ பெரிய வேலை முடிந்ததுபோல உடம்பு லேசானது. அந்த லேசை நினைத்தால்தான் எனக்கு இன்றும் அருவருப்பாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா என் கையைப் பார்த்தாள். டப்பாவை வாங்கிக் கழுவப் போட்டாள்.

அந்த வாரம் அப்பா எனக்கு ஒரு புதுப் பை வாங்கி வந்தார். நோட்டுகளும் இருந்தன. "செகண்ட் இயர். இனிமே வெளயாட்டுத்தனம் கூடாது," என்றார். மாடியில் கேட்பதற்காகச் சத்தமாகச் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், மெதுவாக, ஒரு அப்பா சொல்வதுபோலச் சொன்னார். திங்கட்கிழமை எட்டே காலுக்கு நான் கிளம்பினேன்.

அஞ்சல் வழியில் படித்திருக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. விண்ணப்பத்தைப் பதிவிறக்கம் செய்து நூலகத்தில் வைத்து நிரப்பினேன். அதற்கும் அதே பீரோ, அதே சாவி. ஆனால் சாவியைக் காரணம் சொல்வது அநியாயம். இரண்டாம் வருஷத்தில் எனக்கு ஆசையே வற்றிவிட்டது. மூன்றாம் வருஷத்தில் நான் நூலகத்துக்குக்கூட ஒழுங்காகப் போகவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். மூன்று வருஷம் முடிந்ததும் அப்பா மறுபடி மைசூர்பாகு வாங்கினார். பெரியப்பா எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார். அதைக் கையில் கட்டியபோதுகூட எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அடுத்த தை மாதமே வரன் வந்தது. அவர்கள் ஜாதகத்தை மூன்று இடத்தில் கொடுத்துப் பொருத்தம் பார்த்தார்கள். என் பல்வரிசையைக்கூடப் பையனின் அக்கா ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். பட்டத்தை யாரும் பார்க்கவில்லை. பெண் படித்திருக்கிறாள், அந்தக் கல்லூரியாம், என்று அவர்களே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டார்கள். மாப்பிள்ளையிடம் நான் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை போனை எடுத்தேன். மூன்று முறையும் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

பத்திரிகையின் மாதிரியை அப்பா ஒரு சாயங்காலம் அச்சகத்திலிருந்து எடுத்து வந்தார். மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து. மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.இ. என்று இருந்தது. என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று இருந்தது. அப்பா எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டார்.

"நீதான் படிச்சவ. தப்பு கிப்பு இருக்குதான்னு பாரு," என்றார்.

அவர் முகத்தில் கள்ளம் தேடினேன். துளிகூட இல்லை. அவருக்கு இரண்டு பெண்கள் இருந்திருக்க வேண்டும். ஒருத்தி மூன்று வருஷம் படித்து முடித்தவள். இன்னொருத்தியை அவர் எப்போதோ மறந்துவிட்டார். நான் முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தேன். வரவேற்பு நடக்கும் தேதிக்கு நேரே கிழமையைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். அதை அடித்துச் சரியான கிழமையை எழுதினேன்.

"வேற தப்பு இல்லியே?"

"இல்லப்பா."

"அப்போ கீழ ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு. எல்லாம் சரின்னு வூட்டு ஆளு கையெழுத்துப் போட்டாத்தான் அச்சடிப்பாங்களாம்."

இனிஷியலோடு முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.